பனகல் பார்க் டீயும் ஒரு கருணை மனுவும்

மயிலாப்பூர்த் தெருவில் நின்று, "ஐயர் வீடு எங்கே இருக்கு?" என்று கேட்ட முதல் கிறிஸ்தவன் நானாக இருக்க முடியாது. ஆனால் அப்படிக் கேட்டு நான்கு வீடு ஏறி இறங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பினாங்கில் எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. எழுபத்து மூன்று ஜனவரியில், கப்பலின் ஆட்டம் காலை விட்டு இன்னும் போகாத நிலையில், பெட்டியும் கையுமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஐயரை.

நான்காவது வீட்டுக்காரர் கையில் செய்தித்தாளோடு வந்தார். "எந்த ஐயர்?" என்றார்.

"சபை ஐயர் சார்."

"எந்த சபா? கச்சேரியெல்லாம் முடிஞ்சுடுத்தே!"

"இல்ல சார், பாதிரியார்."

அவர் உள்ளே திரும்பி உரக்கக் கூப்பிட்டார்: "அடியே, இங்க வந்து பாரேன்! இந்தப் பிள்ளையாண்டான் பாதிரி ஐயரைத் தேடிண்டு நம்மாத்து வாசல்ல நிக்கறான்!"

அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "பாவம், வெயில்ல அலைஞ்சிருக்கான். உள்ள வரச் சொல்லுங்கோ" என்றார். டபரா டம்ளரில் காப்பி வந்தது. எங்கள் ஊரில் காப்பி என்றால் டின் பாலும் சீனியும். இங்கே ஒரு வாய் உள்ளே போனதும் காதுக்குப் பின்னால் ஏதோ ஜன்னல் திறந்துகொண்டது. பாதிரியார் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. எனக்குப் போக மனமே இல்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மிஷன் பள்ளி வாத்தியார், வயது இருபத்து நான்கு. வாரம் ஒரு நாள் எங்கள் ஊர்ச் சிறைக்குப் போய், கைதிகளோடு பாடி, ஜெபித்து, கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வரும் வாலிபர் கோஷ்டியில் ஒருவன். சிறைகளைப் பற்றிச் சபைகள் என்ன செய்யலாம் என்று யோசிக்க அடையாறில் ஒரு வாரக் கூட்டம். பல நாடுகளிலிருந்து ஆட்கள். எங்கள் கோஷ்டியின் சார்பில் சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் வந்தது. அன்று நான் குதித்த குதியில் பள்ளிக்கூடப் பெஞ்சு ஒன்று உடைந்தது.

ஆனால் எனக்குக் கூட்டம் இரண்டாம் பட்சம். என் பெட்டியின் அடியில் மாணிக்கத்தின் கடிதம் இருந்தது.

மாணிக்கம் பத்து வருஷத் தண்டனைக் கைதி. ஐந்து முடிந்துவிட்டது. பினாங்குச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் குடிபோதையில் நடந்த சண்டையில், ஏகாம்பரம் என்ற புரோட்டா மாஸ்டரின் மூன்று விரல்களைக் கத்தியால் எடுத்துவிட்டான். ஏகாம்பரம் மயிலாப்பூர்க்காரர். விரல் போனதும் வேலை போயிற்று, வேலை போனதும் தங்கும் அனுமதி போயிற்று. மதராஸுக்கே திரும்பி, பனகல் பார்க் பக்கம் ஒரு டீக்கடையில் இருப்பதாகத் தகவல். மாணிக்கமோ உள்ளே போய் விசுவாசியானான். எங்கள் கோஷ்டியின் பெருமையே அவன்தான். மார்ச்சில் அவனுக்காகத் தண்டனைக் குறைப்பு மனு போடப் போகிறோம். "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஏகாம்பரம் ஒரு கையெழுத்துப் போட்டால் மனு பலமாகிவிடும். மனுவைத் தட்டச்சில் அடித்து, புள்ளி வைத்த கோடும் போட்டு, சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்தேன்.

மறுநாள் அடையாறில், பெரிய மரங்களுக்கு நடுவே ஒரு மண்டபத்தில் கூட்டம் தொடங்கியது. ஒவ்வொருவர் பேச்சிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓய்வு பெற்ற ஜெயில் அதிகாரி ஒருவர், "உள்ளே இடமில்லை. முறை வைத்துத் தூங்குகிறார்கள். ஒருத்தன் எழுந்தால்தான் இன்னொருத்தன் படுக்கலாம்" என்றார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து தன் பாஷையில் பேசியதை இப்படி மொழிபெயர்த்தார்கள்: "குற்றத்தைச் சட்டத்துக்கு விரோதம் என்கிறோம். ஆகவே அரசாங்கம் தண்டிக்கிறது, கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அடிபட்ட மனுஷனிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை." நான் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டில் மோர்க்குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சாப்பிட்ட கையோடு நழுவி பஸ் ஏறினேன். காற்று உப்புக் கரித்தது. இருபுறமும் பாதி கட்டிய வீடுகள், மணல், திடீரென்று எதிரே கடல்!

"பனகல் பார்க் எப்போ வரும்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"எங்க வரும்? இது பெசன்ட் நகர் வந்துகினு கீது நைனா. எதுத்தாப்ல நின்னு ஏறி இருக்கணும்."

"கடல் நல்லா இருக்கு."

"அத்தப் பாத்ததுக்கும் சேத்து ஒரு டிக்கெட் வாங்கிக்க."

அதே பஸ்ஸில் திரும்பினேன். தியாகராய நகரில் இறங்கியபோது மூச்சு நின்றது. பொங்கல் முடிந்த வாரமாம். அப்படியிருந்தும் அந்தக் கூட்டம்! புடவைக் கடை வாசல்களில் தெற்கத்திப் பேச்சில், "வாங்கம்மா, உள்ள வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரிய பெருநாள் சந்தையை இங்கே ஒரு முக்கில் ஒளித்து வைத்துவிடலாம்.

பார்க்கைச் சுற்றி வந்தேன். ஏகாம்பரத்தை யாரிடமும் கேட்கத் தேவைப்படவில்லை. ஒரு டீக்கடையில் ஒருவர் இரண்டு குவளைகளுக்கு நடுவே ஒரு கெஜ நீளத்துக்கு டீயை இழுத்துக்கொண்டிருந்தார். அப்படி இழுக்க எங்கள் ஊரில்தான் தெரியும். வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். அந்த இரண்டில் குவளை ஆடாமல் நின்றது.

"தாரிக்!" என்று கத்திவிட்டேன். இழுத்த டீக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது.

அவர் திரும்பினார். முப்பது வயதிருக்கும். "யார்ரா அது? எந்தூரு நீ?"

"பினாங்குண்ணே."

"அட, நம்மூரா! குந்து, குந்து. இன்னா கீது அங்க? அந்தப் படகுத்துறை கிட்டக்க நாசி கண்டார் சோத்துக் கடை, அந்தத் தாடிக்காரரு கீறாரா?"

இருக்கிறார் என்றேன். மீன்தலைக் கறி, இறால் மசியல், மழை, இரண்டு வெள்ளி டிக்கெட் சினிமா கொட்டகை என்று கால் மணி நேரம் பினாங்கையே சுற்றினோம். நடுநடுவே அவர் டீயைப் புகழ்ந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஆள் அவர் கையைப் பார்த்து, "இன்னா மாஸ்டர், வெரலு?" என்று கேட்டார். ஏகாம்பரம் திரும்பாமலே, "ஐஸ் மிஷினு" என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது. தன்னை வெட்டியவனை ஒரு தெருவோர ஆளிடம்கூடக் காட்டிக்கொடுக்காத பெருந்தன்மை!

அந்த ஆள் போனதும் மெதுவாகச் சொன்னேன். "அண்ணே, நான் மாணிக்கம் கிட்டேயிருந்து வர்றேன்."

டீ இழுப்பது நின்றது.

"எப்டி கீறான்?"

"எளைச்சிட்டாரு."

"முடி?"

"எல்லாம் கொட்டிப்போச்சு."

பட்டென்று சிரித்தார். "அந்த முடிக்கு எம்மாம் எண்ணெ தடவுவான்! கஸ்மாலம்." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, பிரிக்காமல் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகினார். "இங்க வச்சிப் படிக்க முடியாது. ஞாயித்துக்கெழமைக்கு அப்பால வா, பேசலாம். ஆறிடப் போவுது, டீயக் குடி."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது எனக்குள் மணியடித்துக்கொண்டிருந்தது. சிரித்தாரே! கடிதத்தை வாங்கினாரே! டீக்குக் காசு வேண்டாமென்றாரே! மன்னித்துவிட்டார், வேறென்ன?

எங்கள் சபைகளில் சாட்சி என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து நின்று எல்லார் முன்பும் சொல்வார். கேட்பவர்கள் "அல்லேலூயா" என்பார்கள். சின்ன வயதிலிருந்தே பழகிய வழக்கம். அடுத்தவனிடம் இருந்த பென்சில் நமக்குக் கிடைத்தாலும் சாட்சியாகச் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை மாலை மயிலாப்பூர் ஐயர் வீட்டு மாடியில் வாலிபர் கூட்டம். "பினாங்குத் தம்பி சாட்சி சொல்லும்" என்றார் ஐயரம்மா. கண்ணாடியும் கணீர்க் குரலும் உள்ளவர், பாடகர் குழுவின் தலைவி.

நான் எழுந்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. மூன்று விரல்கள், கத்தி, கடல் கடந்து வந்த கடிதம், "ஐஸ் மிஷின்" என்று மறைத்த பெரிய மனசு, மன்னிப்பின் சிரிப்பு. ஒன்றையும் விடவில்லை. ஏகாம்பரத்தின் பெயரையும் சொன்னேன், கடைக்கு வழியையும் சொன்னேன். அல்லேலூயாவில் மாடி அதிர்ந்தது. ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இப்பேர்ப்பட்ட மனுஷரை நாம போய்ப் பார்க்காம இருக்கலாமா?" என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு வேனில் பதினோரு பேர் கிளம்பினோம். பாடகர் குழு, ஒரு கஞ்சிரா, ஐயரம்மா கையாலேயே செய்த பிளம் கேக், சரிகைத் துண்டு ஒன்று. நானும் முன் சீட்டில் ஏறி வழி சொன்னேன். அபிராமபுரம் முழுக்கப் பாட்டுத்தான். சிக்னலில் நின்ற ரிக்‌ஷாக்காரர், "இன்னா, கல்யாணமா?" என்று கேட்டார். "அதைவிடப் பெரிசு!" என்றேன்.

டீக்கடை வாசலில் வரிசையாக நின்று மூன்று சரணம் பாடினார்கள். கூட்டம் சேர்ந்தது. ஏகாம்பரம் குவளையும் கையுமாக அப்படியே நின்றார். கல்லாப் பெட்டியடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கடை அவருடைய அண்ணனுடையது, அவர் ஏகாம்பரத்தின் மனைவி அம்சா என்று அப்போது எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்து, ஐயரம்மா துண்டைப் போர்த்தக் கையை உயர்த்தினார். "உங்க கையை வெட்டினவனையே மன்னிச்ச தெய்வப் பிறவி நீங்க!"

"யாரு வெட்னது?" என்றார் அம்சா.

பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐஸ் மிஷினுன்னுதான சொன்னே? யாருய்யா வெட்னது?"

ஏகாம்பரம் குவளையைக் கீழே வைத்தார். அம்சா அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். பெட்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார். பின்னால் யாரோ மெதுவாகக் கஞ்சிராவைத் தட்டினார்கள். கை தவறித்தான் பட்டிருக்கும். ஆனால் அதைவிட மோசமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

திங்கள் காலை கூட்டத்துக்குப் போகவில்லை. கடைக்குப் போனேன். ஏகாம்பரம் மட்டும் இருந்தார். டீ வழக்கம்போல ஒரு கெஜம்.

"வா, பினாங்குப் பாதிரி. இன்னைக்கு பேண்டு செட்டு வர்லியா?"

"அண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே."

"கத்திக் குத்து வாங்கினவன்னா குடிகாரன், ரவுடின்னு சொல்லி எவன் பொண்ணு குடுப்பான்? அதான் மிஷினுன்னு சொன்னேன். மூணு வருசம் ஓடிச்சு. நீ மூணு நாள்ல ஓட வுட்ட."

"மன்னிச்சிடுங்க."

"அத்த ஏற்கெனவே சொல்லிட்டே. அவ அம்மா ஊட்டுக்குப் போய்ட்டா. மன்னிப்பு போய் இட்டுகினு வருமா அவள? நீ வா எங்கூட."

மறுபடி பெசன்ட் நகர் பஸ். இந்த முறை சரியான பஸ், ஆனால் கடலைப் பார்க்கத் தோன்றவில்லை. புதுக் கட்டிடங்களைத் தாண்டி, மணலில் நடந்து, குப்பத்தில் ஒரு கூரை வீடு. வாசலில் அரிவாள்மணையின் முன் குந்தி அம்சா மத்தி மீன் அரிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு தலை தனியாக விழுந்தது.

"இவன்தான அந்தப் பாட்டுக் கோஷ்டி?"

"ஆமாங்க. தப்பு என்மேலதான். அவர் மன்னிச்சதா ஒரு வார்த்தை சொல்லல. நானா நெனச்சுக்கிட்டு சபை ஐயர் வீட்டு மாடியில எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேட்டுட்டே. அப்பால?"

எங்கள் வழக்கத்தில் மன்னிப்புக்கு அப்பால் அல்லேலூயாதான் உண்டு. வேறு எதுவும் இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "வெட்டு வாங்கினது பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. மூணு வருசமா அந்த ஐஸ் மிஷின் மேல நான் எம்மாம் கோவமா இருந்தேன் தெரியுமா? தெருவுல ஐஸ் வண்டி போனாக்கூடத் திட்டுவேன். கடைல சோடாக்கு ஐஸு போட வுடல. எங்கண்ணன் வியாபாரம் போவுதுன்னு கத்தினான். கேட்டேனா? பாவம்யா அந்த மிஷினு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிவாள்மணையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஏகாம்பரத்தால் முடியவில்லை. சிரித்தார். அம்சா ஒரு மீனை எடுத்து அவர்மேல் வீசினார்.

பிறகு ஏகாம்பரம் நடந்ததைச் சொன்னார். அன்று அவரும் குடித்திருந்தார். மாணிக்கம் புரோட்டாவைக் கடித்து, "செருப்புத் தோல்" என்றான். இவர் அவன் தாயை இழுத்தார். மேஜைமேல் வெங்காயம் அரியும் கத்தி கிடந்தது. "அவ்ளோதான் கத. ஒரு புரோட்டாவுக்கு."

"லெட்டர் இன்னா சொல்லுது?" என்றார் அம்சா. ஏகாம்பரம் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்னும் பிரிக்கவில்லை. அம்சா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, நான்கு பக்கத்தையும் சத்தமாகப் படித்தார். இருளில் வெளிச்சம் வந்தது. பாவம் கழுவப்பட்டது. சிறையில் பாட்டுக் கற்றுக்கொண்டது. இப்போதெல்லாம் படுத்தவுடன் தூக்கம் வருவது. அந்தக் கடிதத்தை எங்கள் கோஷ்டி கூடி வாசித்து அழுதிருக்கிறோம். அங்கே மணலில் உட்கார்ந்து அம்சாவின் குரலில் கேட்டபோது, அது யாருக்கோ போகவேண்டிய கடிதம் வழி தவறி வந்தமாதிரி இருந்தது.

அம்சா தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை எங்க?"

"எது?" என்றேன்.

"இவரு கையப் பத்தி எங்க எழுதிக்கீறான்? ஒரு வார்த்த இல்லியே. நல்லாத் தூங்குறானாம். யோவ், நீ தூங்குறியா?"

"நெறைய நாளு தூக்கம் இல்ல. போன வெரலு அரிக்குது. எங்க சொறியறது?"

அவருக்கு அரிக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கோஷ்டியில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நினைத்ததும் இல்லை.

அப்போதுதான் சட்டைப்பை சுட்டது. மறைத்தால் இன்னொரு ஐஸ் மிஷின் ஆகிவிடும். மனுவை எடுத்து நீட்டி, எதற்கென்று சொன்னேன்.

ஏகாம்பரம் புள்ளி வைத்த கோட்டைப் பார்த்தார். "ஓ. இதுக்குத்தான் என் டீய அப்டிப் புகழ்ந்தியா?"

"டீ நெசமாவே நல்லா இருந்துச்சுண்ணே."

"பினாங்கு ஆஸ்பத்திரில ஒண்ணரை மாசம் கெடந்தேன். ஜெயிலுக்குப் போற உங்க கோஷ்டி அந்த ரோட்டு வழியாத்தான சைக்கிள்ல பாடிகினே போவும்? ஜன்னல்ல கேக்கும். நல்லாத்தான் பாடுவீங்க. ஒருத்தன் எறங்கி உள்ள வர்ல."

கைதியைப் பார்க்கப் போகச் சொல்லும் வசனம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அதில் கைதிக்குச் சற்று முன்னால் வியாதிக்காரன் இருக்கிறான். ஐந்து வருஷமாக அவனைத் தாண்டித்தான் நாங்கள் சைக்கிளை மிதித்திருக்கிறோம்.

"அப்பாலன்னு கேட்டீங்க இல்ல," என்று அம்சாவிடம் சொன்னேன். "நாளைக்கு அடையாறு கூட்டத்துல கடைசி நாள். மயிலாப்பூர்க்காரங்களும் வருவாங்க. சொன்ன அதே ஜனத்துக்கு முன்னால நான் சொன்னது பொய்னு சொல்றேன்."

"சொல்லு. எம்புருசன் மகானும் இல்ல, ரவுடியும் இல்லன்னு சொல்லு. டீ மாஸ்டருன்னு சொல்லு."

"மனுவைக் கிழிச்சிடவாண்ணே?"

"கிழிக்காத. பென்சில் கீதா?"

இருந்தது. வாத்தியார் பையில் பென்சில் இல்லாமல் இருக்குமா? ஏகாம்பரம் மனுவை வாங்கித் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, ஒரு பலகைமேல் விரித்தார். வலது கையை அதன்மேல் அழுத்தி வைத்தார். "இந்தா அம்சா, சுத்தி இழு. கொயந்தைங்க வரையுமே, அந்த மாதிரி."

அம்சா குனிந்து வரைந்தார். பெருவிரலைச் சுற்றி, ஆள்காட்டி விரலின் நுனிவரை ஏறி இறங்கி, பிறகு மூன்று சின்ன மேடுகள். அங்கே பென்சில் மெதுவாகப் போயிற்று. மூன்று வருஷக் கல்யாணத்தில் அந்த இடத்தை அவர் இப்படித் தொட்டதில்லை என்று தோன்றியது. ஓரத்தில் ஒரு மீன் செதிலும் ஒட்டிக்கொண்டது.

"இத்த எடுத்துகினு போய் அவன்கிட்ட காட்டு. இத்தப் பாத்துட்டு, இத்தப் பத்தி எழுதச் சொல்லு. சாமி கதெல்லாம் அப்பால. கையெழுத்து அதுக்கும் அப்பால."

"எழுதினா போடுவீங்களா?"

"இப்ப எப்டித் தெரியும்? போடுவேன்னு சொன்னா நீ ஓடிப்போய் மறுபடி மாடில ஏறிக்குவே."

மத்தியானம் மத்தி வறுவல். எங்கள் ஊரில் இதை வாழையிலையில் சுற்றிச் சுடுவோம். இங்கே மிளகாய் அரைத்துப் பூசி, கடல் காற்றில் கண்ணில் நீர் வரச் சாப்பிட வேண்டும். ஏழு மீன் தின்றேன். கிளம்பும்போது அம்சா புருஷனிடம் சொன்னார்: "காலைல கடைக்கு வரேன். அண்ணன்கிட்ட நானே பேசிக்கறேன். சோடாக்கு ஐஸு வாங்கி வையி."

பஸ் ஸ்டாண்டு வரை ஏகாம்பரம் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை என் முறை வந்தபோது நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டேன். சனிக்கிழமை மாடியில் சொன்னது, வேன், கேக், அம்சா எழுந்து போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அல்லேலூயா வரவில்லை. பிறகு கேட்டேன்: "இங்கே சிறைக்குப் போய்க் கைதியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்." மண்டபம் முழுக்கக் கைகள். "அந்தக் கைதியால் அடிபட்டவரைப் போய்ப் பார்த்தவர்கள்?" மின்விசிறி மட்டும் சுற்றியது. ஜெயில் அதிகாரி குனிந்து செருப்பைப் பார்த்தார். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் நடந்தது, அவ்வளவு பேச்சு! யார் முதலில் போவது, கேட்காமல் போகலாமா, அவர் கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்று ஆளுக்கொரு கேள்வி. அந்த வாரத்தில் நான் பார்த்த ஒரே உண்மையான கூட்டம் அதுதான்.

வெளியே வந்தபோது ஐயரம்மா காத்திருந்தார். அழுதிருந்தார். "தம்பி, அந்தப் பொண்ணை நான் போய்ப் பார்க்கணும். பாட்டில்லாம, கேக் இல்லாம. போகலாமா?"

"கேட்டுட்டுப் போங்கம்மா."

"ஆமா, ஆமா. கேட்டுட்டு." அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்ததுபோல் இருந்தது.

ஊர் திரும்பிய வாரமே சிறைக்குப் போனேன். பார்வையாளர் அறையில் நடுவே கம்பி வலை. காவலர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மீன் வாசனைக்கு முகம் சுளித்து, மறுபுறம் கொடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்று கேட்டபடியே மாணிக்கம் வாங்கினான். திருப்பினான். வெகு நேரம் பார்த்தான். பிறகு தன் இடது கையை எடுத்து அந்தக் கோட்டின்மேல் வைத்தான். பொருந்தவில்லை. பெருவிரல் தப்பான பக்கம் போயிற்று. கையை எடுத்துவிட்டு, வலது கையை வைத்தான். அது சரியாக உட்கார்ந்தது. அவனுடைய மூன்று விரல்கள் மட்டும் கோட்டைத் தாண்டி வெள்ளையில் நீட்டிக்கொண்டிருந்தன.

"வலது கையா?" என்றான்.

"ஆமா."

"கோர்ட்டுல எல்லாம் இங்கிலீஷ்ல சொன்னாங்க சார். அஞ்சு வருஷமா இடது கைன்னே நெனச்சு ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்த மூன்று மேடுகளுக்குள் அடக்கிப் பார்த்தான்.

"மனு இருக்கட்டும் சார்," என்றான். "எழுதாத தாள் இருந்தா குடுங்க."